யார் மகன்? – கிராம முன்சீப் வழக்குகள் குறித்துச் சில குறிப்புகள்

தமிழகக் கிராமத்தின் அதிகார வரலாற்றை எழுதப் புகுகிறவர்கள் கல்வெட்டுக்குப் போகிறார்கள், நாட்டார் பாடலுக்குப் போகிறார்கள், வெள்ளைக்காரக் கலெக்டர்கள் எழுதிவைத்த மாவட்டக் கையேடுகளுக்குப் போகிறார்கள். சட்டத் தொகுதிகளின் பக்கம் அதிகம் பேர் போவதில்லை. தடித்தடியான புத்தகங்கள், வறண்ட மொழி, வக்கீல்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு ஊருக்கு யார் தலைவன், எந்த முறையில் தலைவன் என்கிற கேள்வி அப்பட்டமாகக் கேட்கப்பட்டு, சாட்சி விசாரிக்கப்பட்டு, பதில் எழுதி முத்திரை குத்தப்பட்ட இடம் அதுதான். கிராம முன்சீப் பதவிக்கான வாரிசு வழக்குகளைத்தான் சொல்கிறேன். முன்சீப் என்பது சர்க்கார் வைத்த பெயர். கொங்குப் பக்கம் மணியக்காரர், தஞ்சைப் பக்கம் பட்டாமணியம், கர்நாடகத்தில் பட்டேல். ஊர் நாட்டாண்மை வேறு, இது வேறு. பல ஊர்களில் இரண்டும் ஒரே வீட்டில் இருந்தன என்பது உண்மைதான். ஆனாலும் இது சர்க்கார் கையெழுத்தோடு வந்த அதிகாரம்.

இந்த வழக்குகளை ஒருசேர வாசிக்கிறபோது உடனே தட்டுப்படுகிற விஷயம், வழக்காடுகிறவர்கள் பெரும்பாலும் உறவினர்கள் என்பது. தத்துப் பிள்ளைக்கும் பங்காளிக்கும் தகராறு, மூத்த தாரத்து மகனுக்கும் இளைய தாரத்து மகனுக்கும் தகராறு, செத்துப்போன அண்ணனின் மகனுக்கும் உயிரோடிருக்கிற தம்பிக்கும் தகராறு. ஊர் இந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை. இவரிடம் கிஸ்தி கட்டப்போகிறவர்கள், இவர் முன்னால் கைகட்டி நிற்கப் போகிறவர்கள் யாரும் 'எங்களுக்கு இவர் வேண்டாம்' என்று மனுச் செய்ய அங்கே வழியில்லை. கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: நீ யார் மகன்?

இந்தக் கேள்வியை ஒரு சட்டமே எழுதிவைத்திருந்தது. 1895ஆம் ஆண்டின் சென்னை மூன்றாவது சட்டம், பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம். அதன்படி முன்சீப் பதவி ஒரே ஒரு வாரிசுக்குத்தான் போகும். எந்த முறைப்படி? தென்னிந்தியாவில் பாகம் பிரிக்க முடியாத ஜமீன்களுக்கு என்ன வாரிசு முறை உண்டோ அந்த மூத்தவழி முறைப்படி. இதை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சொற்பச் சம்பளத்துக்கு வரி வசூல் செய்கிற ஒரு கிராம அலுவலரை, வாரிசு விஷயத்தில் ஜமீன்தாருக்குச் சமமாக்கி வைத்திருக்கிறது சட்டம். அடுத்த வாரிசு சிறுபிள்ளையாக இருந்தால்? அந்தப் பிள்ளையின் பெயரை வாரிசாகப் பதிந்துகொள்ள வேண்டும். அது வளர்ந்து ஆளாகித் தேர்வு எழுதித் தகுதி பெறும்வரை வேறொருவர் பதிலாளாக வேலை பார்க்க வேண்டும். அதாவது தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்காகப் பதவி காத்திருக்கும். மேஜரான பிறகும் தகுதி பெற்றுக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம். குழந்தைகள்மீது பிரிட்டிஷ் ராஜ்யத்துக்கு இவ்வளவு பரிவு வேறெங்காவது இருந்ததா என்று தெரியவில்லை.

இந்த வழக்குகளை யார் விசாரித்தார்கள் என்பது முக்கியம். சிவில் கோர்ட்டுகள் விசாரிக்க முடியாது. 1831ஆம் ஆண்டின் ஆறாவது ரெகுலேஷனே பரம்பரைக் கிராமப் பதவி பற்றிய தாவாக்களைக் கோர்ட்டிலிருந்து பிடுங்கிக் கலெக்டரிடம் கொடுத்துவிட்டது. 1895 சட்டமும் அந்தக் கதவைச் சாத்தியே வைத்தது. வாரிசென்று உரிமை கொண்டாடுகிறவர் ரெவின்யூ அதிகாரி முன்னால் வழக்குப் போட வேண்டும், தோற்றால் மேலே கலெக்டர், அதற்கும் மேலே ரெவின்யூ போர்டு. இங்கே ஒரு கூத்து நடக்கிறது. கலெக்டர்தான் முன்சீப்பின் எஜமான். வரி குறைந்தால் அவர் முன்சீப்பைத் தண்டிப்பார், நீக்குவார். அதே கலெக்டர் வாரிசு வழக்கில் நீதிபதியாக உட்கார்ந்து, வம்சாவளியை நூல் பிடித்துப் பார்த்து, 'இவனே இரத்த உரிமையுள்ளவன்' என்று தீர்ப்பெழுதுகிறார். காலனிய அரசு பழைய கிராமத்தை அப்படியே விட்டுவைத்தது என்று ஒரு கட்சியும், அடியோடு உடைத்துப்போட்டது என்று இன்னொரு கட்சியும் நம் ஆய்வாளர்களிடையே உண்டு. இந்த வழக்குக் கட்டுகளில் தெரிவது வேறு காரியம். வழக்கமாக இருந்ததை எடுத்து, அதற்கு விதி எழுதி, படிவம் அடித்து, மேல்முறையீடும் கொடுத்து, முன்பு ஊரில் இழுபறியாகவும் பேரமாகவும் இருந்த ஒன்றை இறுகக் கட்டிவைத்தார்கள். பூக்கோவைத் துணைக்கு அழைக்காமலேயே இதைச் சொல்லிவிடலாம். அழைத்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

எதற்காக இவ்வளவு சண்டை? சம்பளத்துக்காக என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். முன்சீப் யார் என்பதை 1816ஆம் ஆண்டின் இரண்டு ரெகுலேஷன்களில் பார்க்க வேண்டும். நான்காவது ரெகுலேஷன் அவரைப் பத்து ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு நீதிபதியாக்கியது. பதினோராவது ரெகுலேஷன் அவரைக் கிராமப் போலீசின் தலைவராக்கியது. சின்ன அடிதடி, வசவு வழக்குகளில் குற்றவாளியைப் பன்னிரண்டு மணி நேரம்வரை சாவடியில் அடைத்துவைக்கலாம். குற்றவாளி கீழ்ச்சாதியாக இருந்தால்? அப்போது ஆறு மணி நேரம்வரை தொழுமரத்தில் காலை மாட்டிவைக்கலாம். இப்படிப்பட்ட இழிவான தண்டனையைத் தருவது தகாததல்ல என்று கருதத்தக்க சாதியார் என ரெகுலேஷனே வகை பிரித்து வைத்திருந்தது. யார் அந்த வகை என்று முடிவு செய்கிறவரும் முன்சீப்தான். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பதை வெள்ளைக்காரன்தான் கொண்டுவந்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் ஒரு தடவை இந்த ரெகுலேஷனைப் படிப்பது நல்லது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது சட்டப் புத்தகத்தில் இருந்தது.

ஆகப் பங்காளிகள் கலெக்டர் முன்னால் நின்று சண்டையிட்டது எதற்காக என்பது இப்போது விளங்கும். கிஸ்தி வசூல், பிறப்பு இறப்புக் கணக்கு, போலீசுக்குத் தகவல், சின்ன வழக்குகளின் தீர்ப்பு என எல்லாம் ஒரே திண்ணையில் நடந்தன. நிலம் யாருடையது என்பதற்குக் கர்ணத்தின் அடங்கல் சாட்சி. அந்த ஆள் யோக்கியனா என்பதற்கு முன்சீப்பின் வாய்ச்சொல் சாட்சி. மணியம் வீட்டுக்காரர் என்று சொன்னால் போதும், தாசில்தார் நாற்காலி போடச் சொல்வார். இதைத் தம்பி மகனுக்கு விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனசு வரும்?

இப்போது இந்த வழக்குகள் பேசாத இடத்துக்கு வருவோம். 1895 சட்டத்தின் பட்டியலில் முன்சீப், கர்ணம் மட்டும் இல்லை. நீர்கண்டி இருக்கிறார், வெட்டியும் தோட்டியும் இருக்கிறார்கள், தலையாரி இருக்கிறார். அவர்களுடையவையும் 'பரம்பரைப் பதவிகள்' என்றே சட்டம் அழைக்கிறது. சட்ட மொழியின் சூது இங்கேதான் இருக்கிறது. முன்சீப்பின் மகனுக்குப் பரம்பரை என்றால் சொத்து. வெட்டியின் மகனுக்குப் பரம்பரை என்றால் தமுக்கடிப்பது, கிஸ்திப் பணத்தைத் தலையில் சுமந்து தாலுக்கா கஜானாவுக்கு நடப்பது, முகாம் வந்த அதிகாரிக்கு விறகும் தண்ணீரும் கொண்டுவருவது, ஊரில் எவனாவது செத்தால் ஏழு ஊருக்குச் சாவுச் செய்தி கொண்டுபோவது. ஒரே சொல், ஒரே சட்டம், ஒரே பிரிவு. ஒருவனுக்கு அது பட்டம், இன்னொருவனுக்கு அது கால்விலங்கு. தீர்ப்புகளைத் தொகுத்தவர்கள் முன்சீப், கர்ணம் வழக்குகளைப் பக்கம் பக்கமாக அச்சிட்டிருக்கிறார்கள். வெட்டி வேலையிலிருந்து தப்பித்துப் போன ஒருவன் கதை அந்தப் பக்கங்களில் எங்கே வரும்? கண்டிக்கும் கொழும்புக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியவர்களின் கணக்கில்தான் அதைத் தேட வேண்டும்.

இதைச் சட்டசபைக்குள்ளேயே கொண்டுபோய் உடைத்துக் காட்டியவர் அம்பேத்கர். சென்னை மாகாணத்தில் அல்ல, பம்பாயில். அங்கே 1874ஆம் ஆண்டின் பரம்பரைப் பதவிகள் சட்டம், வத்தன் சட்டம் என்று பெயர். மகர்கள் அதன்கீழ் 'வத்தன்தார்கள்'. கேட்கக் கௌரவமான சொல். கொஞ்சம் நிலத்தையும் ஊரார் போடுகிற தானியத்தையும் காட்டி, ராத்திரி பகல் பார்க்காமல் ஒரு சாதி முழுவதையும் சர்க்காருக்கும் ஊருக்கும் ஏவல் செய்ய வைத்த ஏற்பாடு அது. அதைத் திருத்த 1928இல் பம்பாய் சட்டசபையில் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். விரும்புகிறவர்கள் அந்தச் சேவையிலிருந்து விடுபடலாம், நிலத்துக்கு முறையான தீர்வை கட்டி வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 1929இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. பம்பாய் மாநிலத்தில் கீழ்நிலை வத்தன்களை ஒழிக்கிற சட்டம் வர 1958 ஆயிற்று. முன்சீப் வீட்டார் பரம்பரையைக் காப்பாற்றக் கோர்ட்டுக்குப் போன அதே காலத்தில், பரம்பரையிலிருந்து விடுதலை கேட்டு ஒருவர் சட்டசபையில் நின்றார் என்பதைச் சேர்த்துவைத்துப் படித்தாக வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவையும் 16ஆம் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 15இல் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று பட்டியல் போகிறது. அரசு வேலை பற்றிய 16(2)இல் கூடுதலாக இரண்டு சொற்கள். ஒன்று வசிப்பிடம். இன்னொன்று வம்சாவளி. 'நீ யார் மகன்' என்று கேட்டு அரசு வேலை தரக்கூடாது என்பதை அந்த ஒற்றைச் சொல் சொல்லிவிட்டது. சொல்லி என்ன? 1950க்குப் பிறகும் பத்தாண்டுகள் கலெக்டர்கள் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதை நிறுத்தியது குண்டூர் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு வழக்கு. தெனாலி தாலுக்காவில் பெரவலி என்கிற கிராமம் 1956இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. புதிய கிராமத்துக்கு முன்சீப் வேண்டும். விண்ணப்பங்கள் கேட்டார்கள். ரெவின்யூ டிவிஷனல் அதிகாரி ஒருவரை நியமித்தார். அவர் பழைய முன்சீப்பின் குடும்பத்தைச் சேர்ந்தவரல்ல. மேல்முறையீட்டில் கலெக்டர் அந்த நியமனத்தைத் தூக்கியெறிந்தார். காரணம் 1895 சட்டத்தின் 6(1) பிரிவு: கிராமத்தைப் பிரித்துப் புதுப் பதவி உண்டாக்கினால், பழைய பதவியில் இருந்தவரின் குடும்பத்திலிருந்துதான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர் பிரிந்தாலும் வம்சம் பிரியாது என்கிற கணக்கு. வேலை இழந்தவர் 32ஆம் பிரிவின்கீழ் நேராக உச்சநீதிமன்றம் போனார். 1960ஆம் ஆண்டின் இறுதியில் தீர்ப்பு வந்தது. வம்சாவளி ஒன்றையே காரணமாக வைத்து ஒருவரை விலக்குகிற அளவில் 6(1) செல்லாது.

இந்தத் தீர்ப்பில் அரசு தரப்பு வைத்த வாதம்தான் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுகிறது. பரம்பரை முன்சீப் பதவி ஒருவகைச் சொத்து, அது 16ஆம் பிரிவு சொல்கிற அரசுப் பதவியே இல்லை என்று ஆந்திர அரசு வாதாடியது. கவனியுங்கள், சொல்வது அரசு! தன் ஊழியரைத் தன் ஊழியர் இல்லை என்று, தனியார் சொத்து என்று, அரசே சொல்கிறது. நீதிமன்றம் பதவியையும் அதற்குரிய வருமானத்தையும் பிரித்துப் பார்த்தது. பதவி அரசின்கீழ் உள்ளதே என்றது. இதற்கு இரண்டாண்டு முன்னால், 1958இல், மைசூரிலிருந்து வந்த தேர்தல் வழக்கொன்றில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். பட்டேலும் சானுபோகும் சட்டமன்றத் தேர்தலில் நிற்கலாமா, அவர்கள் அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர்களா என்பது கேள்வி. எங்களது பரம்பரைப் பதவி, அரசு கொடுத்ததல்ல என்பது அவர்கள் வாதம். பரம்பரையாக வந்தாலும் நியமிப்பது அரசுதான் என்று சொல்லி அதை உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்தது. தேர்தலில் நிற்க வேண்டுமானால் சொத்து, சம்பளம் வாங்க வேண்டுமானால் உத்தியோகம். எந்த நேரத்தில் எந்தத் தொப்பி வேண்டுமோ அதைப் போட்டுக்கொள்வது.

குண்டூர்த் தீர்ப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதைப் புரட்சி என்று கொண்டாடுகிறவர்களோடு சேர்ந்து கைதட்டவும் முடியவில்லை. தீர்ப்பு வந்ததால் ஊருக்கு ஊர் மணியம் மாறிவிடவில்லை. இருந்தவர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 1895 சட்டத்தை ரத்து செய்கிற சட்டம் 1968இல்தான் வந்தது. 1970இல் கிராம அலுவலர் பணி விதிகள் வந்தன. பதவியில் இருந்தவர்கள் புதிய விதிகளின்கீழ் அப்படியே தொடர்ந்தார்கள். பரம்பரை ஒழிந்தது, பரம்பரையாக வந்தவர்கள் ஒழியவில்லை. நிலமும் திண்ணையும் அடங்கலும் அவர்கள் கையில் இருக்கும்போது, விண்ணப்பம் போட்டால் யாருக்கு வேலை கிடைக்கும் என்பதைக் கண்டுபிடிக்க ஜோசியம் தேவையில்லை. வம்சாவளியைக் கேட்காதே என்று சொன்ன தீர்ப்பு, சாதியைக் கேட்டுச் சரிக்கட்டு என்று சொல்லவில்லை. அந்த வழக்கில் அது கேள்வியாகவும் எழவில்லை.

பிறகு 1980 நவம்பர். எம்.ஜி.ஆர். ஆட்சி ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அனைத்தையும் ஒரே நாளில் ஒழித்தது. 1981இல் அது சட்டமாயிற்று. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பதவிகள். அவற்றுக்குப் பதிலாக முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர், தேர்வாணையத்தின் மூலம், இட ஒதுக்கீட்டோடு. 1973இலேயே நிர்வாகச் சீர்திருத்தக் குழு இதைப் பரிந்துரைத்திருந்தது. எம்.ஜி.ஆர். ஏன் அந்த நேரத்தில் செய்தார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கிராமத்தில் எதிர்க்கட்சிக்கு வேராக இருந்தவர்களைப் பிடுங்கத்தான் என்பார்கள். இருக்கட்டுமே. நோக்கம் எதுவானாலும், தமிழகக் கிராமத்தில் நடந்த அதிகார மாற்றங்களில் இது பெரியது என்றுதான் நான் நினைக்கிறேன். அதை நம் இடதுசாரிகளும் சரி, திராவிட இயக்க வரலாற்றாசிரியர்களும் சரி, போதுமான அளவு எழுதவில்லை. இதே வேலையை ஆந்திரத்தில் 1984 ஜனவரியில் என்.டி.ராமராவ் செய்தார், அங்கே தெலங்கானாவின் பட்டேல், பட்வாரிகளும் போனார்கள். கர்நாடகம் இதற்கெல்லாம் முன்னால், 1961 சட்டத்தின் மூலமே, செய்துவிட்டிருந்தது.

வேலை போனவர்கள் உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். 1982இல் தீர்ப்பு. இங்கே மொழி மாறிவிட்டதைப் பாருங்கள். வம்சம், மிராசு, மூத்தவழி எதுவும் பேச்சில் இல்லை. 14ஆம் பிரிவின் சமத்துவம், 19ஆம் பிரிவின் தொழில் சுதந்திரம், 311ஆம் பிரிவின் பணிப் பாதுகாப்பு! அறுபத்தைந்து வருஷம் 'இது எங்கள் சொத்து' என்று சொன்னவர்களின் வழிவந்த பதவி, இப்போது 'நாங்கள் அரசு ஊழியர்கள்' என்று பேசுகிறது. மனுதாரர்கள் எல்லாருமே வாரிசாக வந்தவர்கள் இல்லை, 1961க்குப் பிறகு சாதாரணமாக நியமனம் பெற்றவர்களும் அதில் உண்டு, அவர்களின் வயிற்றுப்பாடு உண்மையானது; அதை மறைக்கக் கூடாது. நீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. பதவியை ஒழிப்பது தண்டனை ஆகாது என்றது. குறைந்தபட்சக் கல்வித் தகுதி உள்ளவர்களைப் பரிசீலித்துப் புதிய வேலையில் சேர்த்துக்கொள்வதாக அரசு அளித்த உறுதியையும் பதிவு செய்துகொண்டது.

அந்தச் சட்டத்தில் ஒரு வரையறை இருக்கிறது. 'பகுதிநேரக் கிராம அலுவலர்' என்பதில் முன்சீப் உண்டு, கர்ணம் உண்டு. கிராமக் காவலர், கிராமப் பணியாளர், பாசனக் காவலர் இதில் அடங்கமாட்டார்கள் என்கிறது. பெயர்கள் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். தலையாரி, வெட்டி, நீர்கண்டி. அவர்களது பதவி ஒழிக்கப்படவில்லை. வேலை போகவில்லையே, நல்லதுதானே என்று கேட்கலாம். ஆமாம், வேலை போகவில்லை. மணியம் போய் வி.ஏ.ஓ. வந்தார், அவருக்குப் பின்னால் அதே ஆள் அதே நோட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முழுநேர வேலையாகி கிராம உதவியாளர் என்கிற பெயர் கிடைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேலே நடந்ததற்குப் பெயர் ஒழிப்பு. கீழே நடந்ததற்குப் பெயர் மாற்றம். எந்த நீதிமன்றத்திலும் யாரும் இதைக் கேள்வியாக எழுப்பியதாக 1982 தீர்ப்பின் பக்கங்களில் தடயம் இல்லை.

ஒரு சின்ன விலகல். பரம்பரை மணியத்தைச் சட்டம் ஒழித்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகவில்லை, தமிழ் சினிமா அதைத் திரும்ப அரியணையில் ஏற்றியது. 1992இல் 'சின்ன கவுண்டர்', அதே ஆண்டு 'தேவர் மகன்', 1994இல் 'நாட்டாமை'. தலைப்பையே பாருங்கள், 'மகன்'. அப்பா இறந்ததும் பிள்ளை அந்த இடத்தில் உட்கார்கிறான், ஊர் கண்ணீரோடு ஏற்றுக்கொள்கிறது. கலெக்டர் ஆபீசில் தோற்றுப்போன வாரிசு வழக்கு தியேட்டரில் ஜெயிக்கிறது. விசில் அடித்தவர்களில் தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டவர்களின் பேரன்களும் இருந்தார்கள் என்பதுதான் விமர்சகனுக்குச் சங்கடமான இடம். இந்தப் படங்களைச் சாதிப் பெருமை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிறோம். அவற்றில் சட்டபூர்வமாகப் பறிபோன ஒரு பதவிக்கான துக்கமும் இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். அந்தத் துக்கம் படத்தோடு நின்றிருந்தால் பேசாமல் விட்டிருக்கலாம்.

நிற்கவில்லை. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996இல் தேர்தல். இப்போது கிராமத்துக்குத் தலைவர் என்றால் ஊராட்சித் தலைவர்தான். அந்த நாற்காலிகளில் ஒரு பங்கு தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் என்கிற நான்கு ஊர்களில் பத்து வருஷம் தலைவர் கிடையாது. ஒன்று வேட்புமனுவே இல்லை, அல்லது ஜெயித்தவர் உடனே ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் முருகேசன் நின்றார், ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்புகையில் அவரும் அவரோடு ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வாரிசுகள் வரிசையாக வந்து நின்று 'நான் இன்னார் மகன்' என்று சொன்னது கலெக்டரிடம்தான். முருகேசன் மனுவோடு போய்த் திரும்பியதும் கலெக்டரிடமிருந்துதான்.

கொலைக்குப் போகாதவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஊராட்சித் தலைவர் பதவியை ஒதுக்கலாமா என்பது நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் உச்சநீதிமன்றம் வரை போய், 2010இல் ஐந்து நீதிபதிகள் அமர்வில் தீர்ந்தது. ஒதுக்கீட்டை எதிர்த்தவர்களின் வாதங்களில் ஒன்று: தலைவர் பதவி ஒவ்வொரு ஊரிலும் ஒன்றே ஒன்று; ஒற்றைப் பதவியை ஒதுக்கினால் அது நூற்றுக்கு நூறு ஒதுக்கீடு ஆகிவிடும், ஆகவே செல்லாது. கேட்பதற்குக் கணக்குப் போலத்தான் இருக்கிறது. ஆனால் 1895 சட்டத்தை வாசித்தவன் காதில் இது வேறு மாதிரி விழுகிறது. பாகம் பிரிக்க முடியாதது, ஒரே ஒரு வாரிசுக்கு மட்டுமே போகக்கூடியது என்று முன்பு சொன்னார்கள். ஒன்றே ஒன்று இருப்பதால் பங்கு கேட்காதே என்று இப்போது சொல்கிறார்கள். வாதாடிய வக்கீல்களுக்கு இந்த ஒற்றுமை மனதில் இருந்திருக்காது, தேவையுமில்லை.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு ஊரை மட்டும் பார்க்காதே, மாநிலம் முழுவதுமுள்ள தலைவர் பதவிகளைச் சேர்த்துப் பார், ஒதுக்கீடு அவற்றுக்குள் சுழன்று வருகிறது என்றது. சட்டமாகப் பார்த்தால் சரியான விடை. ஆனால் மாநிலம் முழுவதையும் ஒன்றாகப் பார்க்கிற கண் ஊரில் யாருக்கு இருக்கிறது? ஊரில் இருக்கிறவருக்கு அந்த ஒரு நாற்காலிதான் தெரிகிறது. சுழற்சி வந்து, அடுத்த தேர்தலில் நாற்காலி பொதுவாகிறபோது, "நம்ம வூட்டுக்குத் திரும்பி வந்துடுச்சு" என்று சொல்கிறார்கள். எங்கிருந்து திரும்பி வந்தது என்று கேட்டால், "எங்க தாத்தா மணியம் பார்த்தவரு" என்று பதில் வரும்.